வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் ஒரு காட்டுத் தரை: பெட்டி ஆமைத் தொட்டியை இயற்கைப் பொருள்களால் அமைக்க

யூடியூபைத் திறந்தால் பாம்புக் கூண்டு அலங்கரிக்கும் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒருவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் பையோடு போவார். விழுந்த கிளை, மரப்பட்டை, சருகு, நாலு கல் என்று அள்ளிக்கொண்டு வருவார். ‘அவன்’ (oven) அடுப்பில் வாட்டி, தொட்டிக்குள் அடுக்கி, பாம்பை உள்ளே விடுவார். பார்க்க அத்தனை அழகாக இருக்கும். பார்த்த கையோடு சிங்கப்பூரில் யாராவது அதைச் செய்யக் கிளம்பினால் இரண்டு சட்டங்களில் மாட்டிக்கொள்வார்.

முதலாவது, இங்கே வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி கிடையாது. பந்து மலைப்பாம்பு, கார்ன் ஸ்னேக் என்று விஷமில்லாத வகையாக இருந்தாலும் அதே கதைதான். 1965ஆம் ஆண்டின் வனவிலங்கு, பறவைகள் சட்டம் 2020 ஜூனில் திருத்தப்பட்டு வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாறியது, தண்டனைகளும் கூடின. ஊர்வனவற்றில் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள விடுவது இரண்டே வகை: சிவப்புக் காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. பல்லி, ஓணான், இகுவானா, நட்சத்திர ஆமை எதற்கும் இடமில்லை.

இரண்டாவது, காடு. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கு இயற்கை வனப்பகுதிகளிலும் செடியையோ அதன் எந்தப் பகுதியையோ வெட்டுவது, எடுப்பது, இடம் மாற்றுவது குற்றம். 50,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாதாரணப் பூங்காக்களில் அபராதம் 5,000 வெள்ளி வரை போகும். ‘கீழே கிடந்த குச்சிதானே’ என்ற சமாதானத்தை நம்பி இறங்காதீர்கள்.

சரி, அப்படியானால் அந்தக் காணொளிகள் நமக்கு எதற்கு? அதில் இருக்கும் கைவேலை நமக்குப் பயன்படும். மரத்தை எப்படிச் சுத்தம் செய்வது, கல்லை எப்படி நிறுத்துவது, பிராணி பதுங்கும் ஒளிவிடத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் பெட்டி ஆமைக்கும் தேவை. சிலது அப்படியே பொருந்தும், சிலது தலைகீழாக மாறும். எது எது என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகச் சொல்லப் போகிறேன். பொருள்களை மட்டும் காட்டுக்குப் போகாமல் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரில் அது ஒன்றும் கஷ்டமில்லை.

முதலில் ஆமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மலாயாப் பெட்டி ஆமை இந்த ஊர்க்காரர்தான். தென்கிழக்காசியத் தாழ்நிலங்களின் குளம், சதுப்பு, ஓடை ஓரம் அதன் இடம். ஓடு சுமார் 20 செ.மீ. வரை வளரும். கறுத்த தலையில் மஞ்சள் கோடுகள் ஓடும். வயிற்றோட்டில் ஒரு கீல் இருக்கிறது. பயந்தால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு பெட்டியாக மூடிக்கொள்ளும். குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் தண்ணீரில் கிடக்கும். வளர வளரத் தரையிலும் நடமாடும், சருகுக்குள் புதைந்து படுக்கும். ஆகவே இதற்குத் தண்ணீரும் வேண்டும், தரையும் வேண்டும். கடைகளில் கொடுக்கும் பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த சின்னத் தொட்டி இரண்டுக்கும் உதவாது. வளர்ந்த ஆமைக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலமுள்ள தொட்டியிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்.

இது பத்திருபது ஆண்டுகளைத் தாண்டி வாழும் பிராணி. பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் வயதில் வாங்கித் தந்த ஆமை, அவருக்குக் கல்யாணம் ஆகும்போதும் வீட்டில் இருக்கும். உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த இனம் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களுக்கான சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

சிவப்புக் காது ஆமை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி போதும். அது நீர்வாழ் ஆமை. ஏறி வெயில் காய ஒரு கனமான மரக்கட்டை, நீந்த நிறைய தண்ணீர். சருகுத் தரை அதற்குத் தேவைப்படாது.

பொருள்களை எங்கே தேடுவது

தொடங்க வேண்டிய இடம் மீன் கடை. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 வட்டாரத்தில் வரிசையாக மீன், செல்லப்பிராணிக் கடைகள் இருக்கின்றன. அங்கே ‘மலேசியன் டிரிஃப்ட்வுட்’ என்று விற்கும் கருத்த மரக்கட்டையைத் தேடுங்கள். கனமானது, தண்ணீரில் மூழ்கும், சீக்கிரம் மட்காது. கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் பஞ்சாக உள்ளே போகும் இடம் இருந்தால் வேண்டாம். ‘ஸ்பைடர் வுட்’ படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் நுனியெல்லாம் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆமை கண்மூடித்தனமாக முட்டிக்கொண்டு போகிற பிராணி, கண்ணில் குத்தும். திராட்சைக்கொடி மரம் என்று ஒன்று உண்டு. பாலைவனப் பிராணி வளர்ப்பவர்கள் வாங்குவது அது. நம் ஊர் ஈரத்தில் சில வாரங்களில் பூஞ்சை பிடித்துவிடும்.

கார்க் பட்டையும் சில கடைகளில் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் நான் முதலில் பணம் போடச் சொல்வது இதில்தான். பாதி வட்டமாக வளைந்த துண்டு ஒன்று கிடைத்தால் ஆமைக்கு ஒளிவிடம் தயார். ஈரத்திலும் எளிதில் அழுகாது. ஒரே குறை, மிதக்கும். தண்ணீர்ப் பக்கம் வைத்தால் கல்லால் அமுக்க வேண்டும்.

அதே கடையில் கெத்தாப்பாங் இலை கட்டுக் கட்டாக விற்பார்கள். ஊரில் நாம் பாதாம் மரம், நாட்டு வாதுமை என்று சொல்வோமே, அதன் சருகு. சண்டை மீன் வளர்ப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது. அகலமான, தோல் போன்ற இலை என்பதால் தரையில் பரப்பினால் நாள்படத் தாங்கும். ‘நம்ம புளோக் கீழேயே கெத்தாப்பாங் மரம் நிற்கிறதே, ஏன் காசு கொடுத்து வாங்கணும்’ என்று கேட்பீர்கள். அந்த மரத்தை வேறொருவர் பராமரிக்கிறார் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், புளோக்கைச் சுற்றிக் கொசுவுக்குப் புகையடிக்கிறார்கள், பூச்சி மருந்து தெளிக்கிறார்கள், கார் புகை படிகிறது. ஆமை அந்தச் சருகைக் கடித்துப் பார்க்கும்.

அடுத்தது லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா. தேங்காய் துருவி விற்கும் கடையில் போய், “அண்ணே, கொட்டாங்குச்சி நாலு இருந்தா குடுங்க, உடையாததா பாத்து” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே எடுத்துப் போடுவார்கள். குட்டி ஆமைக்கு அரை மூடி நல்ல குகை. வாழையிலை வாங்கினால் இரண்டு இலையைக் கழுவி நிழலில் காயப்போடுங்கள். காய்ந்த வாழைச்சருகு ஆமைக்குக் கெடுதல் செய்யாது, படுக்க மெத்தென்று இருக்கும்.

கிளை வேண்டுமென்றால் உங்கள் வட்டாரச் சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில் வந்தவை இவை. அங்கே முருங்கை, கறிவேப்பிலை வளர்க்கும் ஆன்ட்டிகள் யாராவது இருப்பார்கள். கொய்யாவைக் கவாத்து செய்யும்போது வெட்டிய கிளையைக் கேட்டு வாங்குங்கள். கொய்யாக்கிளை கெட்டியானது, பட்டை வழவழப்பானது, விஷமில்லாதது. மருந்து அடித்தார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். முருங்கைக்கிளை வேண்டாம், தக்கை மரம், ஈரம் பட்டால் கொழகொழத்துவிடும். செம்பருத்திக் கிளை பரவாயில்லை, இலையையும் பூவையும் ஆமை தின்னும்.

தரைக்கு உரம் கலக்காத தேங்காய் நார்த்தூள் வாங்குங்கள். தாம்சன் சாலை நர்சரிகளில் செங்கல் வடிவில் அழுத்திக் கட்டியதாகக் கிடைக்கும். பூச்செடி மண் கலவை வேண்டாம். அதில் உரமும் வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட்டும் இருக்கும், ஆமை விழுங்கும்.

எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய் மலிவாகக் கட்டையும் செடியும் வாங்கி வரலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். செடிக்கும் மண்ணுக்கும் நுழைவு அனுமதி விதிகள் உண்டு. கட்டைக்குள் கரையான் உட்கார்ந்து வந்தால் மெத்தைக் கட்டிலிலிருந்து சாமி மாடம் வரை போய்விடும். மிச்சமாகிற பத்து வெள்ளிக்காக அந்தத் தலைவலி எதற்கு?

எதைத் தொடக்கூடாது

பாம்பு வளர்ப்பவர் சொல்வதைக் கேட்கும்போது மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. பாம்பு செடி தின்னாது. அதனால் அவர் கூண்டில் மணி பிளாண்ட் தாராளமாகப் படரும். பெட்டி ஆமை இலை, பழம், புழு எல்லாம் தின்னும். மணி பிளாண்ட், டைஃபன்பேக்கியா, சேம்பு, கலேடியம் எல்லாவற்றிலும் ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். பாம்புக் கூண்டுச் செடிப் பட்டியலை அப்படியே எடுத்து ஆமைத் தொட்டியில் நடாதீர்கள்.

அரளியைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலை, கிளை, வேர் எல்லாமே விஷம். அதன் ஒன்றுவிட்ட உறவு காட்டரளி. இங்கே போங் போங் என்பார்கள். சாலையோரங்களில் நிழலுக்கு வைத்திருக்கிறார்கள். அதன் காய் காய்ந்து தோல் உரிந்தால் நார் நாராக, சின்னத் தேங்காய்மட்டை மாதிரி அழகாகக் கிடக்கும். தொட்டியில் வைக்கலாமே என்று கை போகும். உள்ளே இருக்கும் கொட்டை இதயத்தை நிறுத்தும் விஷம். பிள்ளைகள் பொறுக்கிச் சேர்க்கும் சிவப்பு சாகா விதையும், அதுதான் மஞ்சாடி, தொட்டிக்குள் வேண்டாம். சிவப்பாகக் கண்ணில் படுவதை ஆமை விழுங்கப் பார்க்கும்.

காட்டு மரங்களில் பால் வடிப்பவை தனி வகை. சிதம்பரத்தில் தலமரமாக வணங்கும் தில்லை மரம் சுங்கை பூலோ சதுப்பில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கொஞ்ச நேரத்துக்குப் பறித்துவிடும். மலாய்க்காரர்கள் அதை ‘புத்தா புத்தா’ என்கிறார்கள். ரெங்காஸ் மரத்தின் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும். காய்ந்த ஒரு குச்சியைப் பார்த்து அது எந்த மரம் என்று சொல்ல அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெயர் தெரியாத மரம் தொட்டிக்குள் போகக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

பிசின் வடியும் பைன், தேவதாரு வகையும் ஆகாது. நாற்றமே ஆமையின் நுரையீரலுக்கு எதிரி. சாமான் வரும் மரப்பலகைப் பெட்டிகள் பெரும்பாலும் பைன்தான்.

சுத்தம் செய்வது: அவசரப்படக்கூடாத வேலை

காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் நேராகத் தொட்டிக்குள் போடாதீர்கள். இந்தப் பகுதிக்கு ஒரு வார இறுதி முழுவதையும் ஒதுக்குங்கள்.

மரக்கட்டையை முதலில் பழைய பல்துலக்கியும் குழாய்த் தண்ணீரும் கொண்டு தேயுங்கள். சோப்பு வேண்டாம், துளைகளுக்குள் புகுந்து தங்கிவிடும். அப்புறம் பெரிய அண்டாவில் மூழ்க வைத்துக் கொதிக்க விடுங்கள். அண்டா இனி சமையலுக்கு வராது, அதற்கென்றே பழையது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கொதி வந்ததும் கட்டை முதலில் ‘உஸ்’ என்று காற்றை விடும். பட்டை இடுக்குகளிலிருந்து பொடிக் குமிழிகள் வரிசையாக ஏறி வரும். பத்து நிமிடத்தில் தண்ணீர் கோப்பிக்கடையில் பால் விடாமல் கொடுக்கும் தே-ஓ நிறத்துக்கு வந்துவிடும், மேலே பழுப்பு நுரை கட்டும். ஈர மண் வாசனையும் மருந்து வாசனையும் கலந்து வீடெங்கும் அடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம், இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றி. பூச்சி, முட்டை, பூஞ்சை எல்லாம் இதில் முடிந்துவிடும்.

நிறம் வருவது மரத்திலிருந்து கசியும் டானின் என்ற பொருளால். ஆமைக்குக் கெடுதல் இல்லை. நிறம் பிடிக்கவில்லையென்றால் ஒரு வாளியில் ஊறவைத்துத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். ‘தினமும்’ என்பதற்குக் காரணம் இருக்கிறது, கொசுவைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

அண்டாவுக்குள் அடங்காத நீளக்கட்டையைக் குளியலறையில் நிறுத்தி, கொதிநீரைப் பக்கம் பக்கமாகத் திருப்பி ஊற்றுங்கள். கொய்யாக்கிளை போன்ற காய்ந்த கிளைகளை அவனில் 110 முதல் 120 டிகிரி வரையில் ஒரு மணி நேரம் வைக்கலாம். பக்கத்திலேயே இருங்கள். வைத்துவிட்டுக் கடைக்குப் போகிற வேலையில்லை. அவன் சின்னதென்றால் கிளையை அறுத்து வையுங்கள், சுருள் கம்பியில் படக்கூடாது. பச்சைக் கிளையை உடனே அவனில் வைக்காமல், சில வாரங்கள் காற்றாடக் காயவிட்டு அப்புறம் வாட்டுங்கள்.

சருகுக்கு இவ்வளவு தேவையில்லை. கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துத் துணியில் உலர்த்தினால் போதும். கொட்டாங்குச்சியில் ஒட்டியிருக்கும் தேங்காயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு வேகவையுங்கள். ஒரு துணுக்கு பருப்பு இருந்தாலும் மறுநாள் எறும்பு வரிசை கட்டும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள்.

கல்லை அவனில் வைக்கவே கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். ஒரு பங்கு வெளுப்பான் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசி வெயிலில் காயவைப்பது நல்லது. அந்தத் திரவத்தோடு வினிகரையோ வேறு கழிப்பறைத் திரவங்களையோ சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும். மரக்கட்டைக்கு வெளுப்பான் போடாதீர்கள். உறிஞ்சிக்கொண்டு பிறகு கசியும்.

அடுக்கும் வரிசை

பாம்புக்காரர்களிடம் அப்படியே கற்றுக்கொள்ள வேண்டிய விதி ஒன்று: கனமான கல் முதலில், மண் பிறகு. கல்லை மண்ணின் மேல் வைத்தால் பிராணி அடியில் தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடும். பாம்பு நெளிந்து போகிற இடத்தில் பெட்டி ஆமை புல்டோசராக வேலை செய்யும். ஆகவே கற்களைத் தொட்டியின் அடித்தளத்திலேயே உட்கார வையுங்கள். கண்ணாடி கீறாமல் இருக்க அடியில் மெல்லிய ரப்பர் விரிப்பு போடலாம். கையால் பக்கவாட்டில் ஓங்கித் தள்ளிப் பாருங்கள். உங்கள் கைக்கு ஆடினால் ஆமைக்கும் ஆடும்.

தண்ணீருக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். தொட்டியின் ஒரு பாதியில் ஆமை முழுதாக இறங்கும் அகலத் தட்டு வைக்கலாம், அல்லது கண்ணாடித் தடுப்பு போட்டுப் பிரிக்கலாம். குட்டிக்கு ஓட்டின் உயரம் அளவுக்குத் தண்ணீர் போதும். ஏறி இறங்க மலேசியன் டிரிஃப்ட்வுட்டைச் சரிவாகச் சாய்த்து வையுங்கள். செங்குத்தாக இருந்தால் ஆமை மல்லாந்து விழும். தண்ணீரில் மல்லாந்தால் மூழ்கிச் சாகவும் கூடும். சரிவில் நகம் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும், வழவழப்பான பக்கத்தை அடியில் போடுங்கள்.

அடுத்துத் தரை. நார்த்தூள் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரியான ஈரம். ஒழுகினால் இன்னும் காயட்டும். 8 செ.மீ. அளவுக்குப் பரப்பி, மேலே கெத்தாப்பாங் சருகையும் வாழைச்சருகையும் தாராளமாகத் தூவுங்கள். தாராளமாக என்றால் ஆமை உள்ளே போனால் ஓடு மட்டும் தெரிகிற அளவுக்கு. புதிதாக வளர்ப்பவர்கள் இதில்தான் கஞ்சம் பிடிக்கிறார்கள். பிராணி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நாலே இலை போடுகிறார்கள். ஒளிய இடமிருக்கிறது என்று தெரிந்த ஆமைதான் தைரியமாக வெளியே வரும்.

ஒளிவிடத்தில் பாம்பும் ஆமையும் பிரிகின்றன. பாம்புக்கு உடல் சுவரில் ஒட்டுகிற அளவுக்கு இறுக்கமான பொந்து பிடிக்கும். ஆமைக்கு அப்படிச் செய்தால் சிக்கிக்கொள்ளும். கார்க் பட்டைக்கு அடியில் ஆமை நுழைந்து, திரும்பி, தலை முன்னால் வர வெளியேற முடிய வேண்டும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓட்டின் உயரமே உள்ள இடுக்கு விடாதீர்கள். நன்றாக அகலமாக இருக்கட்டும், இல்லையென்றால் முழுக்க அடைத்துவிடுங்கள். குட்டி வளரும்போது இதைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

இந்த ஊரில் சூட்டுக்கு என்று தனிக் கம்பளம் தேவையில்லை, குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் தொட்டியை வைக்காதவரை. ஆனால் யூவிபி எனும் புற ஊதாக்கதிர் விளக்கு கட்டாயம். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ‘ஜன்னலோரம்தானே இருக்கிறது’ என்பது கணக்கில் வராது. விளக்குக்குக் கீழே தட்டைக் கல் ஒன்றைப் போடுங்கள். சருகையும் மெல்லிய கிளையையும் விளக்குக்கு அருகில் விடாதீர்கள். காய்ந்த இலையும் சூடான விளக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தீவிபத்துக்கு அழைப்பு.

செடி வைக்க ஆசையென்றால் பறவைக்கூட்டுப் பெரணி, சிலந்திச் செடி இரண்டும் விஷமில்லாதவை. பூச்சட்டியோடு புதைத்து, சுற்றிக் கல் அடுக்குங்கள். இல்லையென்றால் மிதித்தே கொன்றுவிடும். நர்சரிச் செடியைப் புது மண்ணில் மாற்றி இரண்டு மூன்று மாதம் தாழ்வாரத்தில் வைத்திருந்து, புதிதாகத் துளிர்த்த பிறகு உள்ளே கொண்டுபோனால் பூச்சிமருந்துப் பயம் குறையும். தண்ணீருக்குள் ஜாவா ஃபெர்னைக் கட்டையோடு நூலால் கட்டலாம். அதன் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும்.

கொசு, பூஞ்சை, கை கழுவுவது

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத பகுதி இது. டெங்கி ஊரில் தொட்டி வைத்திருக்கிறோம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டுச் சோதனைக்கு வந்து புழுக்களைக் கண்டால் அபராதம் 200 வெள்ளியில் தொடங்கும். ஆமை நீந்துகிற தண்ணீரில் புழு அதிகம் பிழைக்காது, ஆமையே தின்றுவிடும். கவனிக்க வேண்டியது ஒளிந்த தண்ணீர். மல்லாந்து கிடக்கும் கொட்டாங்குச்சி, கட்டையில் இருக்கும் குழி, மூங்கில் துண்டின் உள்பக்கம், கட்டையை ஊறவைத்து மறந்துபோன வாளி. கொட்டாங்குச்சியை எப்போதும் கவிழ்த்தே வையுங்கள். கட்டைக் குழி மேல்பக்கமாக இருந்தால் திருப்பிப் போடுங்கள் அல்லது அடியில் துளையிட்டு வடியவிடுங்கள். மூங்கிலை நான் சேர்ப்பதே இல்லை. தண்ணீரும் தங்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

புதுக்கட்டையில் முதல் சில வாரங்களில் வெள்ளையாகப் பஞ்சு போலப் படரும். பதற வேண்டாம். கட்டையில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சை அது, தானாக அடங்கும். பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மறுபடி வையுங்கள். தரையில் பச்சையாகவோ கறுப்பாகவோ வந்து புளித்த வாடை அடித்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதி நார்த்தூளை அள்ளிப் போட்டுவிட்டு, மூடியில் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். சருகு நொறுங்க நொறுங்கப் புதிது சேர்த்துக்கொண்டே இருக்கலாம். தரையை முழுதாக மாற்றுவதை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அப்போதும் கட்டையும் ஒளிவிடமும் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் போகாது. வடிகட்டி வைத்திருந்தால் அதில் வளரும் நல்ல நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். மீன் கடையில் ‘ஆன்ட்டி-குளோரின்’ சொட்டு வாங்கிக் கலந்துவிடுங்கள்.

ஆமை சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும், பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். கட்டை, கல், தட்டு எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் இந்த வேலையைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள்.

அடுக்குவது எப்படி என்று நேரில் பார்க்க விரும்பினால் மண்டாய் விலங்குத் தோட்டத்தில் இருக்கும் ரெப்டோப்பியாவுக்குப் போய் நின்று பாருங்கள். பாம்பு, பல்லிகளைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கட்டை எங்கே சாய்ந்திருக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். பாம்பு ஆசையும் அங்கே சட்டப்படி தீரும்.

துறவி நண்டு வளர்ப்பவர்களுக்கு

நிலத் துறவி நண்டும் இங்கே அனுமதிக்கப்பட்டதுதான். மேலே சொன்ன கார்க் பட்டை, கொட்டாங்குச்சி, கெத்தாப்பாங் சருகு எல்லாம் அதற்கும் ஏற்றவை. சருகை அது தின்னவும் செய்யும். பைன், தேவதாரு இதற்கும் ஆகாது. மாறுவது தரை. விளையாட்டு மணலும் நார்த்தூளும் ஐந்துக்கு ஒன்று என்று கலந்து, மணல்கோட்டை கட்ட வருகிற அளவுக்கு ஈரமாக்கி, குறைந்தது 15 செ.மீ. ஆழம் போடுங்கள். தோலுரிக்க அது மண்ணுக்குள் போகும், வாரக்கணக்கில் வராது. செத்துவிட்டது என்று தோண்டினால் உண்மையாகவே செத்துவிடும். அதனால் கனமான கட்டையும் கல்லும் முன்பு சொன்னபடியே அடித்தளத்தில் நிற்க வேண்டும். சாயம் பூசாத இயற்கைச் சங்குகள் சிலவற்றை வெவ்வேறு அளவில் மேலே போட்டு வையுங்கள். நல்ல தண்ணீருக்கு ஒரு கிண்ணம், உப்புத் தண்ணீருக்கு ஒரு கிண்ணம். உப்பு மீன் கடையில் விற்கும் கடல் உப்பாக இருக்க வேண்டும், சமையல் உப்பு கூடாது. இரண்டிலும் ஏறி வரச் சின்னக் கல் ஒன்று போடுங்கள்.